சன்னலுக்கு ஒரு மெத்தை

எங்கள் லயத்தில், ஒட்டி ஒட்டி வரிசையாக இருந்த அறைகளில், கடைசிக் காம்பரா எங்களுடையது. அதன் சன்னல் மலை முகட்டைப் பார்த்திருந்தது. கார்த்திகை பிறந்துவிட்டால் முகட்டிலிருந்து இறங்குகிற காற்று வழியில் எதிலும் முட்டாமல் நேராக அந்த ஓட்டையில் வந்து விழும். முன்னே அந்தப் பக்கம் காடு இருந்தது. காடு இருந்தவரை காற்று தெரியவில்லை. காப்பிச் செடி போடுவதற்காக முகடு வரைக்கும் வெட்டி எரித்த பிறகு காற்றைத் தடுக்கவும் ஒன்றுமில்லை, அடுப்பில் வைக்கவும் ஒன்றுமில்லை. காம்பராவுக்கு வாரம் ஒரு கட்டு விறகுதான் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். அதுவும் மழையில் ஊறின கட்டை.

அந்தக் கார்த்திகையில்தான் என் பெண்டாட்டி நல்லம்மா மாதம் நிறையாமல் பிள்ளை பெற்றாள்.

பெண் பிள்ளை. தோல் மெல்லிசாக, உள்ளே ஓடுகிற இரத்தம் தெரிகிற மாதிரி இருந்தது. அழுகை வரவில்லை, பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. பால் சப்பத் தெரியவில்லை. துணியை நனைத்து வாயில் பிழிய வேண்டும். வத்தேகமத்திலிருந்து வந்த மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டே சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“பிள்ளைக்குச் சீக்கு ஒண்ணுமில்ல. வயித்துக்குள்ள இருந்த சூடு வெளிய இல்ல, அம்புட்டுதான். பால் குடிக்கப் பழகுற வரைக்கும் சூட்ட எறங்க விடாதீங்க. சூடு எறங்குனா பிள்ளையும் எறங்கிடும்.”

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். நான் அடுப்பைப் பார்த்தேன், விறகைப் பார்த்தேன், சன்னலைப் பார்த்தேன்.

சன்னலுக்குப் பலகைக் கதவு இருந்தது. மழை குடித்து வளைந்துபோன பலகை. சாத்தினாலும் விரல் நுழைகிற இடுக்கு நாலு பக்கமும் இருக்கும். கூரையாவது காப்பாற்றும் என்றால், மானாப்புல் கூரையைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டிருந்தார்கள். புல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தகரம் வாங்கின சூட்டை அப்படியே வெளியே கொடுத்துவிடும். ஒரு வாரத்து விறகு நாலு நாளில் தீர்ந்தது. அப்படி எரித்தும் பிள்ளையின் கால் சில்லென்றுதான் இருந்தது.

முதலில் என் கம்பளியைச் சன்னலில் கட்டினேன். நல்ல வித்தியாசம் தெரிந்தது. ஆனால் விடிந்தால் அந்தக் கம்பளிதான் எனக்கு மழைக்கு மறைப்பு. அது இல்லாமல் மலையில் காப்பிப் பழம் பறிக்கப் போனால் நான் படுத்துவிடுவேன். நான் படுத்தால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? விடிந்ததும் அவிழ்ப்பேன், சாயங்காலம் கட்டுவேன். பகல் முழுவதும் காற்று உள்ளே வந்துகொண்டிருக்கும். வேலையில் கை பழத்தைப் பறிக்கும், நினைப்பு அந்த ஓட்டையில் இருக்கும்.

பிறகுதான் மெத்தை மாதிரி ஒன்று தைக்கலாம் என்று பட்டது.

சாக்குக்குப் பஞ்சமில்லை. கிழிந்துபோய் ஸ்டோரில் கழித்த காப்பிச் சாக்கை மழைக்குத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொள்ள எங்களுக்குக் கொடுப்பார்கள். என்னுடையது ஒன்று, நல்லம்மாவுடையது ஒன்று. அவள் இப்போது மழைக்குப் போகப்போவதில்லை, எனக்குக் கம்பளி போதும். உள்ளே அடைக்கத்தான் ஏதாவது வேண்டும். பிரித்துப்போட்ட பழைய கூரைப் புல் மாட்டுத் தொழுவத்தின் பின்னால் குவிந்து கிடந்தது. மேலே நனைந்திருந்தாலும் அடியில் கையை விட்டால் காய்ந்த புல். பல வருஷம் அடுப்புப் புகை குடித்துக் கறுத்த புல் அது, பூச்சி அண்டாது. ஒரு கட்டு எடுத்துவந்தேன்.

முதலில் தைத்தது உருப்படவில்லை. இரண்டு சாக்கையும் சேர்த்து ஓரம் தைத்துப் புல்லை அடைத்துத் தொங்கவிட்டேன். விடிவதற்குள் புல் முழுக்கக் கீழே இறங்கி, அடியில் பன்றிக்குட்டி படுத்திருக்கிற மாதிரி உப்பி, மேலே வெறும் சாக்காய்க் கிடந்தது. நல்லம்மா படுத்தபடியே பார்த்துவிட்டு, பிள்ளை பெற்ற பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

“எனக்கு வவுறு எறங்கிருச்சு. இப்ப ஒங்க மெத்தைக்கு ஏறிருக்கு.”

அவிழ்த்துத் திரும்ப அடைத்தேன். இந்தத் தடவை புல்லைப் பரப்பி, அதன்மேல் அவளுடைய கிழிந்த சேலையை மடித்துப் போட்டு, சாக்கு ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகத் தைத்தேன். ஒரு கட்டத்துப் புல் அடுத்த கட்டத்துக்குப் போகாது. மேலும் கீழும் மூங்கில் கோல் கோத்துச் சன்னல் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, ஓரத்து இடுக்கெல்லாம் கந்தல் திணித்தேன். புகைக்குப் பயமில்லை. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே மேலே இடைவெளி இருந்தது, அந்த வழியாகப் போய்விடும். கதவு எதிர்ப்பக்கம், கீழ்ச்சரிவைப் பார்த்து இருந்ததால் அந்த வழியாகக் காற்று அவ்வளவாக வராது.

அன்றைக்கு அடுப்பில் ஒரு கட்டைதான் வைத்தோம். அது தணலாகி, தணல் சாம்பலாகிற வரைக்கும் காம்பரா கதகதவென்று இருந்தது. பிள்ளையின் காலில் நல்லம்மா கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். விறகுக் கட்டை எண்ணி எண்ணிப் பயந்துகொண்டிருந்த எனக்கு, அந்த வாரம் முடிகிறபோது விறகு மிச்சம் இருந்தது.

பகலிலும் மெத்தையை எடுக்கவேண்டாம் என்றேன். உள்ளே இருட்டுதான். இருட்டு பிள்ளையை ஒன்றும் செய்யாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் வேப்பிலை செருக வேண்டும் என்று நல்லம்மாவுக்குப் பிடிவாதம். எங்கள் மலையில் வேம்பு முளைக்காது. கீழே மாத்தளைப் பக்கம் போன ஒருவரிடம் சொல்லி ஒரு கொத்து வரவழைத்துக் கதவு நிலையில் செருகினேன். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற இலை என்பதால் இந்தப் பக்கம் பிள்ளைப்பேற்றுக்கெல்லாம் யாரும் அதைத் தேடுவதில்லை. அம்மை கண்ட வீட்டுக்கு மட்டும்தான் எப்படியாவது கொண்டுவந்து கட்டுவார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை.

அந்த நேரம் பார்த்து, கடல் தாண்டி மாத்தளை ரோட்டில் புதிதாக நடந்து வருகிற ஆட்களுக்குள்ளே அம்மை என்று பேச்சு அடிபட்டது. அம்மை என்றால் எங்கள் தோட்டத்தில் ஆற்றோரக் கொட்டில்தான். நாலு கால் நட்டு மேலே தழை போட்டது. சுவர் கிடையாது. அம்மை கண்டவரோடு அந்தக் காம்பராவில் இருக்கிற எல்லோரையும் சேர்த்து அங்கே கொண்டுபோய் விடுவார்கள். பக்கத்துக் காம்பரா பாலம்மாவின் புருஷனைப் போன மழைக்கு அங்கே தூக்கிக்கொண்டு போனார்கள். பாலம்மா தனியாகத் திரும்பி வந்தாள்.

முதலில் மலைத் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில்தான் தெரிந்தது. நான் தண்ணீருக்குப் போனால் நிற்கிறவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே இருக்கிற பீலிக்குப் போனார்கள். பிள்ளை பெற்ற தீட்டு, அதனால் விலகுகிறார்கள் என்று நினைத்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் நிற்கும்போது எனக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு நின்றார்கள். அதுவும் தீட்டு என்றே நினைத்தேன். நல்லம்மா எப்படி இருக்கிறாள் என்று எங்கள் கூட்டத்து அழகர் கங்காணி கேட்டார், ஏன் வெளியே தலை காட்டவில்லை என்றும் கேட்டார். குளிர் ஆகாது என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் என் கையையும் கழுத்தையும் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

மலையில் பறித்துக்கொண்டிருக்கும்போது கறுப்பையா வந்து சொன்னான். என்னோடு ஒன்றாக ஊரிலிருந்து நடந்துவந்தவன். அவன்கூடச் செடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் பேசினான்.

“ஒங்க காம்பராவுல அம்மைய ஒளிச்சு வச்சிருக்கேன்னு பேச்சு. வேப்பில கெடக்கு, சன்னல அடைச்சாச்சு, பொகையக் காணோம், பொம்பளையக் காணோம். கங்காணி ஆளக் கூட்டிக்கிட்டுக் கம்போட போறாரு. எனக்கு நெசத்தச் சொல்லு இருளப்பா, அம்மையா?”

நான் கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். வழுக்குகிற மண். இரண்டு இடத்தில் விழுந்தேன். நோயாளியைத் தூக்குகிற கம்பும் கம்பளியும் என் கண் முன்னால் ஆடிக்கொண்டே வந்தன. கொட்டிலுக்குச் சுவர் கிடையாது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. அந்தப் பிள்ளை அங்கே ஒரு பொழுது தாங்காது. அம்மை இல்லை என்று பிறகு தெரிந்து என்ன பிரயோசனம்?

நான் போய்ச் சேரும்போது இஸ்தோப்புத் திண்ணைக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். கங்காணி தலைப்பாகை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். பின்னால் கம்போடு இரண்டு பேர். இன்னும் கொஞ்சம் தள்ளிச் சுவரோரமாகப் பாலம்மா. பறிப்பிலிருந்து அவளையும் கூட்டிவந்திருந்தார்கள், கொங்காணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபோதே, சொன்னது அவள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“தொர பங்களாவுலகூட இப்படித் தெர கெடையாது,” என்றார் கங்காணி. “ஓம் பொண்டாட்டி என்ன வெள்ளக்காரியா, காத்துப்படாம வைக்க? அத அவுத்துப் போடு. உள்ள இருக்கறது வெளிய தெரியட்டும்.”

நான் சன்னலுக்கு முன்னால் போய் நின்றேன். அம்மை இல்லை என்றேன். மாதம் நிறையாத பிள்ளை என்றேன். மருத்துவச்சி சொன்னதைச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒன்றாகச் சொன்னதில் எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

அப்படியானால் பிள்ளையையும் தாயையும் வெளியே கொண்டுவந்து காட்டு என்றார். மழை சரிந்து பெய்துகொண்டிருந்தது. முடியாது என்றேன். அப்படியானால் ஒளித்ததில் நானும் கூட்டாளிதான், என்னையும் சேர்த்துக் கொட்டிலுக்கு அனுப்புவதாகச் சொன்னார். நீங்களே உள்ளே வந்து பாருங்கள் என்று கும்பிட்டேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். அம்மைப் பயம் ஒரு பக்கம். அதைவிடப் பிள்ளை பெற்ற தீட்டு இன்னும் கழியவில்லை, வேற்று ஆம்பிளை எவனும் நுழையமாட்டான். கங்காணி வீட்டில் சாமி பெட்டி இருக்கிறது. அவர் நுழையவே மாட்டார். நுழையாமல் நம்பவும் மாட்டார்.

கதவைக் கொஞ்சம் திறந்து நல்லம்மா உள்ளிருந்து பேசினாள். குரல் நடுங்கவில்லை.

“பொம்பள யாரையாச்சும் அனுப்புங்க கங்காணி. வந்து தொட்டுப் பாக்கட்டும். பிள்ள மட்டும் வெளிய வராது.”

கங்காணி பாலம்மாவைப் பார்த்தார். புருஷனுக்கு வந்தபோதே அவளுக்கும் அம்மை போட்டிருந்தது, முகத்தில் தழும்பு இருந்தது. அவளுக்குத் திரும்ப வராது என்று எல்லோருக்கும் தெரியும். போ என்று தலையசைத்தார். அவள் வாசல்வரை போய் வேப்பிலையைப் பார்த்து நின்றாள். பிறகு குனிந்து நுழைந்தாள். சூடு போகுமென்று நான் கதவைச் சாத்தப்போனேன். கங்காணி என்னைத் தடுத்தார். அவரே ஒரு கம்பால் கதவைத் தள்ளிச் சாத்தினார்.

வெளியே நின்றேன். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. நான் தைத்த மெத்தை காற்றை அடைத்தது போலவே சத்தத்தையும் அடைத்திருந்தது. தகரத்தில் விழுகிற மழைதான் கேட்டது. கம்பு வைத்திருந்தவன் வெற்றிலை போட்டுக்கொண்டான். எனக்கு அவனை அடிக்கவேண்டும் போல் இருந்தது.

கதவு திறந்தது. பாலம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

“முத்து ஒண்ணும் தெரியல கங்காணி,” என்றாள். “ஆனா பிள்ளைக்கு மேலு சுடுது. நெருப்பாச் சுடுது.”

“முத்துக்கு முன்னால காய்ச்ச வரத்தான் செய்யும்,” என்றார் அவர். கம்புக்காரர்கள் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். அவர்கள் கம்பளியை விரித்தார்கள்.

அன்றுவரை வேலையிலிருந்து வந்து நனைந்த கையால் நான் பிள்ளையைத் தொட்டதே இல்லை. ஒருவேளை காய்ச்சல்தானோ? மெத்தை போட்டு, இருட்டாக்கி, மூடி மூடி நானே எதையோ வரவழைத்துவிட்டேனோ? அந்த நேரத்தில் நான் பாலம்மாவை நம்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நல்லம்மா நம்பவில்லை. உள்ளிருந்து அவள் சொன்னது இப்போது எங்கள் எல்லோருக்கும் கேட்டது, கதவு திறந்துதான் இருந்தது.

“அக்கா, இங்க வா. எங் கழுத்துல கைய வை.”

பாலம்மா திரும்பிப் போனாள்.

“சுடுதா?”

“ஒனக்கும் சுடுதுடி.”

“எனக்கும் காய்ச்சலா அப்ப? ஒங் கை ஆத்துக் கல்லு மாதிரி இருக்குக்கா. காலையில இருந்து மழையில பழம் பறிச்ச கை. அத வச்சுத் தொட்டா செத்த பொணங்கூடச் சுடும். என் கம்பளிக்குள்ள வை. சூடு ஏறட்டும். பொறவு பிள்ளையத் தொடு.”

கதவைச் சாத்தச் சொன்னாள். கங்காணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாலம்மாவே சாத்திவிட்டாள்.

அது எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு கை சூடாக எவ்வளவு நேரம் ஆகும்? கங்காணி காலை மாற்றி மாற்றி நின்றார். மழை அவர் தோளில் வழிந்தது. விரித்த கம்பளி நனைந்து கனத்துத் தரையைத் தொட்டது. நான் மனதுக்குள் மாரியம்மாளைக் கூப்பிட்டேன். அம்மை தருகிறவளிடமே அம்மை இல்லை என்று சொல்லச் சொல்லிக் கேட்கிறோமே என்று நினைத்தேன். வேறு யாரைக் கேட்பது?

கதவு திறந்தபோது பாலம்மா கொங்காணியைக் கழற்றியிருந்தாள்.

“காய்ச்ச இல்ல,” என்றாள். “எங் கைக்கும் பிள்ளைக்கும் ஒரே சூடுதான். அக்குள், தொட, கழுத்து எல்லாம் வெளக்க வச்சுப் பாத்துட்டேன். சுத்தமா இருக்கு. மொதல்ல நான் சொன்னது தப்பு.”

“ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“அம்மக்காய்ச்ச எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா கங்காணி? என் வீட்டுக்காரருக்குப் பக்கத்துல நாந்தான படுத்திருந்தேன்.”

கங்காணி கம்பளியைச் சுருட்டச் சொன்னார். கௌரவம் விட்டுப்போகக்கூடாதே என்று வேப்பிலையைப் பிடுங்கிப் போடச் சொன்னார். பிடுங்கினேன். பிறகு பகலில் அந்த மெத்தையை அவிழ்த்து வைக்க வேண்டும், திறந்த சன்னலை நாலு பேர் பார்த்தால்தான் பேச்சு அடங்கும், இல்லாவிட்டால் நாளைக்கு வேறொருவன் போய்த் துரையிடம் சொல்லுவான் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குப் பயம். பகலெல்லாம் திறந்து வைத்தால் கொட்டிலுக்கும் காம்பராவுக்கும் என்ன வித்தியாசம்?

பாலம்மா வாசலை விட்டு நகரவில்லை.

“என் சன்னலுக்கும் ஒண்ணு தைக்கச் சொல்லப் போறேன்,” என்றாள். “ரெண்டு சன்னல் மூடிக் கெடந்தா ரெண்டு வீட்டுலயும் அம்மைம்பீங்களா? எனக்கு ஒரு தடவ வந்து போயாச்சு.”

கம்பு வைத்திருந்தவன், அவன் காம்பராவுக்கும் கிடைக்குமா, பெண்டாட்டிக்கு இருமல் விடவில்லை என்று மெதுவாகக் கேட்டான். கங்காணி அவனை ஒரு பார்வை பார்த்தார். என்னமோ செய்யுங்கள், புகை மேலே போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் உள்ளே போனேன். கதவைத் திறந்து திறந்து சாத்தியதில் சூடு பாதி போயிருந்தது. அடுப்பில் தணல் அவிந்துகொண்டிருந்தது. பிள்ளையின் உதடு லேசாக நீலம் பாய்ந்து தெரிந்தது. மிச்சம் இருந்த கட்டையை வைத்து ஊதினேன். ஈரக்கட்டை, புகைதான் வந்தது. நல்லம்மா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். நெருப்புப் பிடிக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் இப்போது போய்விடுமோ என்று திரும்பத் திரும்ப ஊதினேன்.

பாலம்மா தன் காம்பராவுக்குப் போய்த் தன் பங்கு விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடுப்புக்கு மேலே பரணில் வைத்துக் காயவைத்த கட்டை. பக்கென்று பிடித்தது.

“ஒனக்கு, மதினி?” என்றேன்.

“நான் எங்க போகப்போறேன்? தீட்டுப்பட்ட காம்பராவுக்குள்ள வந்து தாயையும் பிள்ளையையும் தொட்டாச்சு. தீட்டுக் கழியற வரைக்கும் என்ன யாரு பெரட்டுக்குக் கூப்புடுவா? தனியா ஒரு அடுப்ப எதுக்கு எரிக்கணும்?” நெருப்பில் கையைக் காட்டிச் சூடுபடுத்திக்கொண்டு, பிள்ளையின் இரண்டு காலையும் ஒரே உள்ளங்கையில் பிடித்தாள். “நீ நாளைக்கு வேலைக்குப் போ. பகல்ல நான் பிடிச்சுக்கறேன்.”

கங்காணியிடம் போய்ச் சொன்னதற்காக அவள் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மறுநாள் காலை பெரட்டில் பாலம்மா பேரைக் கங்காணி கூப்பிடவில்லை. சாயங்காலம் நான் கைகளை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டே லயத்துக்கு ஏறிவந்தேன். கதவைத் திறந்ததும் சீக்கிரம் சாத்தச் சொல்லி இரண்டு பேரும் ஒன்றாக அதட்டினார்கள். பிள்ளை பால் துணியைப் பிழிய விடாமல் வாயால் பிடித்துச் சப்பி இழுத்துக்கொண்டிருந்தது.